நாள்தோறும் துதி: கவுந்தியடிகளின் நாவும் நம் நாவும்

நம் சங்கத்தில் மாதம் ஒரு ஞாயிறு சிலப்பதிகாரம் வாசித்து வந்தது அன்பர்கள் பலருக்கு நினைவிருக்கும். நாடுகாண் காதை வந்த அன்று, நான் சமணன் என்பதால் கவுந்தியடிகளைப் பற்றிப் பேசும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததைப் பேசி உட்கார்ந்தேன். உடனே ஓர் அம்மையார் எழுந்து கேட்டார்: "ஐயா, உங்க அருகக் கடவுள் யார் கேட்டாலும் எதுவும் தரமாட்டார், யார் திட்டினாலும் கோபிக்க மாட்டார்னு சொன்னீங்க. அப்படின்னா தினமும் எதுக்கு அவரைத் துதிக்கணும்? துதிச்சாலும் துதிக்காட்டியும் அவருக்கு ஒண்ணுதானே?"

சபையில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். இரண்டு வாக்கியத்தில் ஏதோ சொன்னேன். அதற்குள் காபி வந்துவிட்டது. ஆனால் அந்த அம்மையார் கேட்டது சிரித்துக் கடக்கக்கூடிய கேள்வி அல்ல. அன்று சொன்ன அரைகுறைப் பதிலுக்கு ஈடாக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நான் கல்லூரியில் தமிழ் படித்தவன் அல்ல. எவர்சில்வர் பாத்திர வியாபாரம் என் தொழில். நூல்களைக் கடையிலும் ரயிலிலுமாகப் படித்தவன். பிழை இருந்தால் கற்றவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வியின் கூர்மை

அம்மையார் கேட்டதை எங்கள் ஆசாரியர்களே கேட்டிருக்கிறார்கள். சமந்தபத்திரர் என்ற பேராசான் இருபத்துநான்கு தீர்த்தங்கரரையும் துதித்து வடமொழியில் சுயம்பு தோத்திரம் என்று ஒரு நூல் செய்தார். அதில் வாசுபூஜ்யரைத் துதிக்கும் இடத்தில் இந்தக் கேள்வியை அவரே எழுப்பிக்கொள்கிறார். பற்றை விட்டவருக்குப் பூசையால் ஆவது ஒன்றுமில்லை. பகையை உமிழ்ந்துவிட்டவருக்கு நிந்தையாலும் ஆவது ஒன்றுமில்லை. ஆனாலும் அவருடைய குணங்களை நினைப்பது நம் மனத்து அழுக்கைக் கழுவுகிறது. அவர் விடையின் கருத்து இவ்வளவுதான். துதி போய்ச் சேரும் இடம் கடவுளின் காது அல்ல, துதிப்பவனின் மனம் என்று அவர் கணக்கை மாற்றி எழுதிவிட்டார்.

நாங்கள் நாளும் சொல்லும் பஞ்ச நமஸ்காரத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். பிராகிருத மொழியில் 35 எழுத்து. அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள் என்று ஐவகையினருக்கு வணக்கம். அதில் ஒருவர் பெயர்கூடக் கிடையாது. ஆதிநாதர் என்றோ மகாவீரர் என்றோ இல்லை. எனக்கு இதைக் கொடு, அதைக் கொடு என்ற ஒரு சொல்லும் இல்லை. எந்தெந்த நிலையை அடைந்தவர் வணங்கத்தக்கவர் என்பது மட்டுமே இருக்கிறது.

வியாபாரியாகிய எனக்கு இது முதலில் புரியவே இல்லை. கொடுத்தால் வாங்குவதும், வாங்கினால் கொடுப்பதும்தான் எனக்குத் தெரிந்த உலகம். கொடுத்ததற்கு வரவே இல்லாத ஒரு கணக்கை நாள் தவறாமல் எழுதுவானேன்? இளவயதில் அப்பா அதட்டியதால் சொன்னேன். விளங்கிச் சொல்ல முப்பது வருஷம் பிடித்தது. விளக்கியவை எங்கள் சமய நூல்கள் மட்டுமல்ல. எல்லாத் தமிழரும் வீட்டில் வைத்திருக்கும் நூல்கள்தாம்.

பொருளோடு கூடிய புகழ்

திருக்குறளின் முதல் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். வள்ளுவர் எந்தச் சமயத்தவர் என்ற வழக்கை நான் இங்கே கிளப்பப் போவதில்லை. நாங்கள் ஆதிநாதரைக் காண்கிறோம். மற்றவர்கள் அவரவர் கடவுளைக் காண்கிறார்கள். யார் படித்தாலும் அந்தப் பத்துக் குறளில் ஒரு விஷயம் கண்ணில் படும். பத்தில் ஏழு குறள் இறைவனின் அடியை அல்லது தாளைப் பேசுகின்றன. கொடுக்கும் கையைப் பற்றி ஒரு குறளும் பேசவில்லை. நான்காம் குறள் இறைவனை விருப்பும் வெறுப்பும் இல்லாதவன் என்கிறது. விருப்பு இல்லாதவனை முகத்துதியால் மகிழ்விக்க முடியாது. ஆக, அம்மையாரின் கேள்வி வள்ளுவரையும் நோக்கியதுதான்.

அடுத்த குறளிலேயே புகழ் வருகிறது. இறைவனின் பொருள் சேர்ந்த புகழை விரும்பினவரை நல்வினை, தீவினை இரண்டுமே சேரா என்பது கருத்து. வைணவ மரபினர் என்று சொல்லப்படும் பரிமேலழகர் இந்த இடத்தில் எழுதிய உரையைச் சமணனாகிய நான் பல முறை படித்து வியந்திருக்கிறேன். இரண்டு நுட்பங்கள் சொல்கிறார். இறைமைக் குணம் இல்லாதவர்களை உடையவர்களாக எண்ணி அறியாதார் சொல்லும் புகழ் பொருள் சேராத புகழ் என்பது ஒன்று. புரிதல் என்ற சொல்லுக்கு எப்பொழுதும் சொல்லுதல் என்று அவர் பொருள் கொள்வது மற்றொன்று. நாள்தோறும் துதித்தல் என்ற வழக்கத்துக்கு இதைவிடப் பழைய, இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

பலனைக் கவனியுங்கள். தீவினை ஒட்டாது என்றால் யாருக்கும் சந்தோஷம். நல்வினையும் ஒட்டாது என்கிறாரே! புண்ணியக் கணக்கிலும் வரவு வைக்க மாட்டார்களாம். நல்வினையும் பிறவிக்குக் காரணமாவதால் அதுவும் கழிய வேண்டும் என்று உரைகாரர் காரணம் காட்டுகிறார். துதிக்குக் கூலி கேட்பவன் முதல் அதிகாரத்தின் பாதியிலேயே வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

உறுப்பு உறுப்பாக ஒரு துதி

இப்போது சிலம்புக்கு வருவோம். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரைக்குப் போகும் வழியில், காவிரிக் கரையில் சாரணர் வந்து இறங்குகிறார். அருகனைப் பல பெயர்களால் துதிக்கிறார். அந்தப் பெயர்களில் சங்கரன், ஈசன், சதுமுகன் என்பவையும் உண்டு. இந்தப் பெயர்களுக்கு நாம் தனித்தனி வேலி போட்டுவிட்டோம். இளங்கோவடிகள் காலத்தில் அந்த வேலி அவ்வளவு உயரமில்லை போலும்.

துதியைக் கேட்ட கவுந்தியடிகள் கைகளைத் தலைமேல் குவித்துச் சொல்லும் பகுதிதான் எனக்கு முக்கியம். மூன்றை அவித்தவன் சொன்ன மொழிக்கு அல்லாமல் தன் காது திறக்காது என்கிறார். அந்த மூன்று காமம், வெகுளி, மயக்கம். காமனை வென்றவனின் ஆயிரத்தெட்டு நாமத்தைத் தவிர வேறொன்றைத் தன் நா நவிலாது என்கிறார். இப்படியே கண், உடல், கை, தலை, மனம் என்று ஏழு உறுதிமொழிகள். பாதி வாக்கியம் 'அல்லது', மறு பாதி 'இல்லை' என்ற அமைப்பு. ஒவ்வொரு உறுப்பையும் ஒரு தொழுவத்தில் கட்டுவது போல் கட்டுகிறார்.

அங்கே இரண்டு சொல் நுட்பங்கள். காது முதலிலும் நா இரண்டாவதாகவும் வருகின்றன. கேட்ட பிறகுதான் சொல்ல வேண்டும். நாவுக்கு அவர் வைத்த வினைச்சொல் நவிலுதல். சும்மா சொல்லுதல் அல்ல. திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுதல். வித்தை பழகுகிறவன் செய்வது அது.

இப்படி உறுப்பு உறுப்பாகத் துதிப்பது சமணர்க்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல. அதே இளங்கோவடிகள் ஆய்ச்சியர் குரவையில், திருமாலின் புகழ் கேளாத செவியும் ஒரு செவியா, அவனைக் காணாத கண்ணும் ஒரு கண்ணா, அவனை ஏத்தாத நாவும் ஒரு நாவா என்று இடைக்குலப் பெண்களைப் பாட வைக்கிறார். பின்னால் வந்த அப்பர் பெருமான் திருவங்கமாலையில் தலை, கண், செவி, மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றையும் கூப்பிட்டு அதனதன் வேலையைச் சொல்கிறார். குறளின் ஒன்பதாம் பாட்டு இறைவன் தாளை வணங்காத தலையைப் புலனறியாப் பொறிகளோடு ஒப்பிடுகிறது.

நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு இனிக்கும். கவுந்தி விரதம் எடுக்கிறார். ஆய்ச்சியர் கேள்வி கேட்கிறார்கள். அப்பர் ஏவுகிறார். வள்ளுவர் தீர்ப்புச் சொல்கிறார். விரதத்தில் கண்டிப்பு இருக்கிறது. கேள்வியில் ஆசை இருக்கிறது. ஏவலில் உரிமை இருக்கிறது. அப்பர் முன்பு எங்கள் பள்ளியில் இருந்தவர் என்று பெரியபுராணம் கூறும். உறுப்பை அடக்கும் பயிற்சியை அங்கே கற்று, அதையே உறுப்புக்குக் கொடுக்கும் அழைப்பாக மாற்றிவிட்டாரோ என்று எனக்கு ஒரு எண்ணம். இது என் ஊகம்தான், ஒத்துக்கொள்ளாதவர் விட்டுவிடலாம்.

நான்குக்கும் பொதுவானது ஒன்று. துதி என்பதை இவர்கள் யாரும் மனத்தில் தோன்றி மறையும் உணர்ச்சியாக வைக்கவில்லை. உறுப்புகளுக்கு வைத்த பழக்கமாக வைத்தார்கள். கண்ணும் காதும் நாவும் தினமும் வேலை செய்கின்றன. ஆகவே அவற்றின் துதியும் தினமும் நடக்க வேண்டும்.

அதே காதையில் ஒரு சாபம்

இங்கே நிறுத்தினால் நல்ல உபந்நியாசம் ஆகிவிடும். ஆனால் இளங்கோவடிகள் நிறுத்தவில்லை.

அந்த உறுதிமொழி முடிந்து, காவிரியைக் கடந்து, மூவரும் ஒரு சோலையில் தங்குகிறார்கள். ஒரு பரத்தையும் வெட்டிப் பேச்சுப் பேசும் ஒருவனும் அங்கே வந்து, இவர்கள் யார் என்று கேட்கிறார்கள். என் மக்கள் என்கிறார் அடிகள். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் கணவன் மனைவியாக வாழ்வதுண்டோ என்று அவர்கள் கேலி பேசுகிறார்கள். கண்ணகி காதைப் பொத்திக்கொண்டு நடுங்குகிறாள். அடிகள் அவர்களை முள்காட்டில் நரியாகும்படி சபித்துவிடுகிறார். நரிக்குரல் கேட்கிறது.

ஆயிரத்தெட்டு நாமம் தவிர வேறு நவிலாது என்ற நா அது. வெகுளியை அவித்தவனின் சொல்லுக்கு மட்டுமே திறக்கும் என்ற காது, கேலிக்கும் திறந்துவிட்டது. இரண்டும் ஒரே காதையில், சில அடிகள் இடைவெளியில் நடக்கின்றன. இது தவத்தின் ஆற்றலைக் காட்ட வந்த நிகழ்ச்சி என்று சொல்வார்கள். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. ஆற்றலைக் காட்ட வேண்டுமானால் வேறு இடம் இல்லையா? துதிக்குப் பக்கத்திலேயே சாபத்தை வைத்ததற்குக் காரணம் இருக்க வேண்டும்.

காரணம் அடுத்த அடிகளில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நரிக்குரலைக் கேட்ட கோவலனும் கண்ணகியும் அடிகளிடம் பரிந்து பேசுகிறார்கள். நெறி தவறியவர்கள் தகாததைச் சொன்னாலும் அதை அறியாமை என்று கொள்ள வேண்டாமா, இவர்களுக்கு விடுதலை எப்போது என்று கேட்கிறார்கள். உடனே அடிகள் இறங்கி வருகிறார். பன்னிரண்டு மாதம் கழிந்தால் பழைய உருவம் கிடைக்கும் என்கிறார். கேலிக்கு ஆளானவர்கள் இல்லறத்தார்; பொறுக்கச் சொன்னவர்களும் அவர்களே. துறவிக்கு அங்கே இல்லறத்தார் பாடம் சொல்கிறார்கள். அதைக் கேட்டுத் திருத்திக்கொண்டதுதான் அடிகளின் பெருமை.

கவுந்தியின் துதி பொய் என்று நான் சொல்ல வரவில்லை. துதி உண்மை. ஆனால் துதித்த நாவும் சபித்த நாவும் ஒன்றே. ஒரு தடவை துதித்ததால் நா திருந்திவிடுவதில்லை. அதனால்தான் துதியை நாள்தோறும் செய்யச் சொன்னார்கள். நாள்தோறும் குளிக்கிறோம். நேற்றுக் குளித்தது போதும் என்று யாரும் இருப்பதில்லை.

என் கணக்கு

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் எழுதவில்லை. பல வருஷம் முன்பு ஒரு நாள், வழக்கம்போல் விடியற்காலையில் துதியெல்லாம் முடித்துவிட்டுக் கடைக்குப் போனேன். சரக்கு எண்ணிக்கையில் இரண்டு பெரிய அண்டா குறைந்தது. எங்களிடம் சுமை தூக்கிய ஒருவரை, நாலு பேர் முன்னால், திருடன் என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை சிட்டையைப் புரட்டினால், முந்தின வாரம் அந்த இரண்டு அண்டாவையும் வேறொரு கடைக்கு அனுப்பியதாக என் கையெழுத்திலேயே இருக்கிறது.

மறுநாள் அவர் வரவில்லை. ஆள் அனுப்பினேன். ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இவ்வளவு காலம் வேலை வாங்கியும் அவர் ஊரைக் கேட்டு வைத்துக்கொள்ளாதது அன்றுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் சொன்னேன். என் மனைவி, "என்னங்க, காலையில அந்த வாயாலதான சாமி பேரு சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

இந்த அகமதாபாத்தில் பர்யூஷண் முடிவில் சுவேதாம்பர அன்பர்கள் வீடு வீடாக வந்து 'மிச்சாமி துக்கடம்' சொல்வார்கள். என் பிழை பொய்யாகட்டும் என்பது அதன் கருத்து. திகம்பரர்களாகிய எங்களுக்கும் தசலட்சண விழா முடிந்ததும் மன்னிப்பு நாள் உண்டு. ஒவ்வொரு வருஷமும் நான் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். கேட்க வேண்டிய ஒருவர் மட்டும் அந்தக் கூட்டத்தில் இருப்பதில்லை. கவுந்தியின் சாபத்துக்குப் பன்னிரண்டு மாதத் தவணை இருந்தது. நான் சொன்ன சொல்லுக்குத் தவணை இல்லை. அந்த வருஷத்துக்குப் பிறகுதான் நாடுகாண் காதையை நான் ஒழுங்காகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும்.

துதியின் அக்கம்பக்கம்

எங்கள் நூல்கள் நாள்தோறும் செய்ய வேண்டிய அவசியக் கடமைகள் ஆறு என்கின்றன. முதலாவது சாமாயிகம், அதாவது விருப்பு வெறுப்பு இல்லாமல் மனத்தைச் சமன் செய்து உட்காருதல். இரண்டாவதுதான் இருபத்துநால்வர் துதி. மூன்றாவது வணக்கம். நான்காவது பிரதிக்கிரமணம், அதாவது செய்த பிழையைத் திரும்பிப் பார்த்து வருந்துதல். இனிச் செய்யேன் என்று விலக்கிக்கொள்வதும், உடல்மேல் உள்ள பற்றை விட்டு நிற்பதும் மற்ற இரண்டு.

இந்த வரிசை எனக்குப் பல காலம் வெறும் பட்டியலாக இருந்தது. பிறகுதான் துதியை ஏன் தனியாக விடவில்லை என்பது புரிந்தது. முன்னால் ஒரு சமநிலை, பின்னால் ஒரு பிழை நோட்டம். இரண்டுக்கும் நடுவில் துதி. சமநிலை இல்லாமல் துதித்தால் அது வேண்டுதலாகச் சரிந்துவிடும். பிழை நோட்டம் இல்லாமல் துதித்தால், துதித்துவிட்டோம் என்ற மிதப்பு வந்துவிடும். நான் வருஷக்கணக்கில் இரண்டாவதை மட்டும் செய்து, நான்காவதை விழாவுக்கு விழா என்று ஒத்திவைத்திருந்தேன்.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்று என்று ஒரு பாறை இருக்கிறது. இருபத்துநான்கு தீர்த்தங்கரரையும் ஒரே பாறையில், வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசையில் செதுக்கியிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் போகும்போதெல்லாம் அங்கே போவேன். ஒருவர் மாதிரியேதான் அடுத்தவரும் அமர்ந்திருக்கிறார். ஒரே குணத்தை இருபத்துநான்கு முறை திரும்பத் திரும்பப் பார்க்க வைத்திருக்கிறார் சிற்பி. அதே குன்றில்தான் 57 நாள் உண்ணாநோன்பு இருந்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும் இருக்கிறது. துதிச் சிற்பத்தின் பக்கத்திலேயே வாழ்ந்து காட்டியவரின் கணக்கும் பொறித்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இன்றைய துதி

நம் வீடுகளில் துதிக்குக் குறைவில்லை. விடிந்ததும் கைபேசி பாடுகிறது. முன்பு அந்த வேலையைக் கேசட் செய்தது. நாம் பல் துலக்குகிறோம், அது துதிக்கிறது. கவுந்தி தன் நாவுக்குக் கொடுத்த வேலையை நாம் ஒரு கருவிக்குக் கொடுத்துவிட்டோம். காதுக்காவது வேலை இருக்கிறதா என்றால், பக்கத்து அறையில் செய்தி ஓடுகிறது.

அடுத்தது பலன் பட்டியல். எந்தத் தோத்திரப் புத்தகத்தை எடுத்தாலும், இத்தனை நாள் சொன்னால் இன்னது கிடைக்கும் என்று கடைசிப் பக்கத்தில் இருக்கும். மற்றவர்களைக் குறை சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டிலும் இது உண்டு. மானதுங்கர் இயற்றிய பக்தாமர தோத்திரம் 48 சுலோகம் கொண்டது, சுவேதாம்பரர் மரபில் 44. ஆதிநாதரின் குணங்களைச் சொல்லும் அழகான நூல். அதில் பிற்பகுதியில் யானை, சிங்கம், தீ, பாம்பு முதலிய அச்சங்கள் விலகும் என்று வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுலோகத்துக்கும் ஒரு யந்திரம், ஒரு பலன் என்று அச்சிடுகிறார்கள். குணத்தைச் சொன்ன பகுதி வேகமாக ஓடிவிடுகிறது; பலன் சொன்ன சுலோகம் நூற்றெட்டு முறை நடக்கிறது.

இங்கே குஜராத்தி ஜைன வியாபாரிகள் தீபாவளியன்று புதுக் கணக்குப் புத்தகத்துக்குப் பூசை போட்டு, கௌதம சுவாமியின் சித்தி, சாலிபத்திரனின் செல்வம், பாகுபலியின் வலிமை எல்லாம் கிட்டட்டும் என்று முதல் பக்கத்தில் எழுதுவார்கள். எங்களுக்குத் தீபாவளி என்பது மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள். எல்லாவற்றையும் விட்டவரின் நாளில் நாம் வரவு கேட்கிறோம்! சாலிபத்திரனும் அந்தச் செல்வத்தைத் துறந்து போனவன்தான். நானும் பல வருஷம் அப்படி எழுதினவன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அதற்காக வேண்டுதலே கூடாது என்று கறாராகப் பேச எனக்கு மனம் வரவில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் தாயிடம் போய், வேண்டாதே என்று சொல்பவன் மனிதனா? இளங்கோவடிகளும் அப்படிச் சொல்லவில்லை. குடத்துப் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை என்று கெட்ட நிமித்தங்களைக் கண்டு பயந்துதான் மாதரி குரவைக் கூத்துக்கு ஏற்பாடு செய்கிறாள். ஆடுகிறார்கள், மனமுருகிப் பாடுகிறார்கள். ஆடி முடிந்ததும் கோவலன் வெட்டுண்ட செய்தி வருகிறது. அந்தத் துதி அவனைக் காக்கவில்லை. கவுந்தியின் துதியும் காக்கவில்லை. மாதரி தீயில் விழுந்தாள். கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டார்.

ஆனால் அந்த இருவரின் துதியையும் இளங்கோவடிகள் கேலி செய்யவில்லை. வழியில் சேர்ந்த இருவரைப் பெற்ற பிள்ளைகளாகப் பார்க்கும் மனம் கவுந்திக்கு இருந்தது. அடைக்கலம் வந்தவளைக் காக்க முடியவில்லையே என்று தன் உயிரையே கொடுக்கும் மனம் மாதரிக்கு இருந்தது. அவர்கள் நாவில் நாளும் பழகிய புகழ் அவர்களை அப்படிப்பட்ட மனிதர்களாக வைத்திருந்தது என்று நான் படிக்கிறேன். அம்மையாரின் கேள்விக்கு என் பதில் இதுதான். துதிச்சாலும் துதிக்காட்டியும் அவருக்கு ஒன்றுதான், அம்மா. நமக்கு ஒன்று அல்ல.

நம் பிள்ளைகளுக்கு

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு ஒரு கூடுதல் கவலை. நம் பேரப்பிள்ளைகளில் பலர் தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பதே அபூர்வம். துதிப் பாட்டை இந்தி எழுத்திலோ குஜராத்தி எழுத்திலோ எழுதி வைத்து ஒப்பிக்கிறார்கள். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்தான். ஆனால் பொருள் சேராத புகழ் என்று உரைகாரர் சொன்னதற்கு இன்னொரு அர்த்தமும் இங்கே வந்துவிடுகிறது.

உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் எழுதிய ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். சீவகசிந்தாமணி ஏட்டை வைத்துக்கொண்டு சமணச் சொற்கள் விளங்காமல் அவர் தவித்த காலம். கும்பகோணத்தில் ஒரு சமணர் வீட்டுக்குப் போனபோது வாசலில் தோரணம் கட்டியிருந்தது. என்ன விசேஷம் என்று கேட்டார். மாதக்கணக்கில் சிந்தாமணியைப் படித்து வந்தோம், இன்று பூர்த்தியாகிறது, அதைக் கொண்டாடுகிறோம் என்றார்களாம். அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அந்த மக்களிடம் கேட்டுத் தெளிந்துதான் 1887இல் அவர் சிந்தாமணியை அச்சிட்டார். அவர்கள் பெரிய புலவர்கள் அல்லர். வீட்டில் கூடிப் பொருளோடு படிக்கும் பழக்கம் உடையவர்கள். அந்தப் பழக்கம் தமிழுக்கே ஒரு காப்பியத்தை மீட்டுத் தந்தது.

நம் பெரியவர்கள் மனப்பாடத்துக்கு ஏற்றபடியே துதி நூல்களைச் செய்தார்கள். அவிரோதிநாதரின் திருநூற்றந்தாதி மயிலை நேமிநாதரைப் பாடியது. அந்தாதி ஆதலால் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கத்தை எடுத்துக் கொடுக்கும். ஏடு கையில் இல்லாத வயதானவருக்கும் கண் தெரியாதவருக்கும் அந்தக் கட்டமைப்பே துணை. சைவ வைணவ அன்பர்களிடமும் அந்தாதிகள் எத்தனையோ உண்டு. அவரவர் வீட்டில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். நாளுக்கு ஒரு பாட்டுப் போதும். அதன் பொருளைப் பிள்ளை தன் வாயால் தனக்குத் தெரிந்த மொழியில் திருப்பிச் சொல்ல வேண்டும். அது இந்தியாக இருந்தாலும் பரவாயில்லை.

நான் இப்போது செய்வதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் பஞ்ச நமஸ்காரமும் பொருளோடு ஒரு பாட்டும். கடையை மகனிடம் விட்ட பிறகும் மாலையில் ஒன்பது முறை பஞ்ச நமஸ்காரம் சொல்கிறேன். ஒன்றுக்கு மூன்று மூச்சு, ஆக 27 மூச்சு. அது முடிந்ததும் எழுந்துவிடுவதில்லை. இன்று இந்த நா யாரிடம் என்ன சொன்னது என்று ஒரு தரம் பார்க்கிறேன். சில நாள் பக்கம் சுத்தமாக இருக்கும். பல நாள் இருக்காது. தவறிய இடத்தில் ஆள் இன்னும் பக்கத்தில் இருந்தால், மறுநாள் துதிக்கு உட்காருவதற்கு முன் போய்ச் சொல்லிவிடுகிறேன்: "நேத்து நான் பேசினது தப்பு."

தலைத்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனவரிடம் சொல்ல முடியாமல் போன வாக்கியம் அது.

அறம் வளர்க.